இடமறியாப் படங்கள்: பழைய புகையிரத, கைத்தொழிற் புகைப்படங்களை இனங்காணல் பற்றி ஒரு திறனாய்வு நோக்கு

இலங்கையின் பழைய புகைப்படங்கள் அண்மைக் காலத்தில் மிகுந்த கவனத்தைப் பெற்று வருகின்றன. ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலான நிறுவனங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எடுத்து விற்ற படங்கள் நூல்களாகவும் தொகுதிகளாகவும் மறுபடி வெளிவருகின்றன. இஸ்மத் றஹீமும் பேர்சி கொலின் தோமேயும் இணைந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இத்துறையில் அடிப்படையானது. இப்படங்களுட் கணிசமானவை புகையிரதப் பாதை, பாலம், துறைமுகம், கோப்பிக் களம், தேயிலைத் தொழிற்சாலை ஆகியவற்றைக் காட்டுவன. அவற்றுட் பல இடங் குறிக்கப்படாதவை. இடங் குறிக்கப்பட்டவற்றுள்ளும் குறிப்புப் பிழைபட்டவை உள. ஆதலால், 'இஃது எங்கே எடுக்கப்பட்டது?' என்ற வினாவை எழுப்பி ஊகஞ் செய்வது ஆர்வலரிடையே பொழுதுபோக்காகவும் ஆவணக் காப்பாளரிடையே தொழிலாகவும் வளர்ந்துள்ளது. இலக்கியம் பயின்றோர்க்கு இவ்விடயத்தில் என்ன வேலை என வினவப்படலாம். அவ்வினாவுக்கு விடைகாணவே இக்கட்டுரை முற்படுகின்றது.

புறநானூற்றுப் பாடல்களின் கீழ்க் காணப்படும் திணை, துறை, 'இன்னானை இன்னார் பாடியது' என்னுங் குறிப்புக்கள் பாடலின் உறுப்புக்கள் அல்ல. அவை தொகுத்தோராலோ அவருக்குப் பின் வந்தோராலோ சேர்க்கப்பட்டவை. பாட்டினுள்ளே எவ்வித ஆதாரமுமில்லாத ஒரு பெயரைச் சில இடங்களிற் குறிப்பு மாத்திரமே தருகின்றது. எனினும், குறிப்பைப் பாட்டின் பகுதியாகவே கொண்டு வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவியது. படக்குறிப்பின் நிலையும் இத்தகையதே. கண்ணாடித் தகட்டிலே படமெடுத்தவன் கீறிய எண், விற்பனைப் பட்டியலில் நிறுவனம் இட்ட தலைப்பு, படத்தை வாங்கிச் சென்ற பயணி தன் அற்பத்தில் எழுதிய வரி, பிற்காலக் காப்பகத்தின் விவரணம் என நான்கு படைகள் ஒரே படத்தின்மேற் படிந்திருத்தல் கூடும். நான்கும் வெவ்வேறு காலத்தவை; வெவ்வேறு நலன்களுக்குரியவை. பாடபேதம் நோக்கப் பயின்ற ஒருவன் இவற்றைப் பிரித்துப் பார்த்தல் இயல்பு. ஆர்வலர் பெரும்பாலும் அவ்வாறு பார்ப்பதில்லை.

பெயரைக் கொண்டே தொடங்கலாம். கொழும்பின் நீதிமன்ற வளாகத்தைக் காட்டும் பழைய படங்கள் 'ஹல்ஸ்டோர்ப்' என்ற குறிப்புடன் வருகின்றன. 1656இற் கொழும்பு முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்டின் பெயரால் அமைந்தது அது. அங்கு வாழ்வோரும் வழக்காட வருவோரும் அதனைப் புதுக்கடை என்பர். சிங்களத்தில் அலுத்கடே என்பதும் அதே பொருளினது. ஆவணத்திலே தளபதி, மக்கள் வாயிலே கடைத்தெரு. ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' எனப்படுவது நமக்குக் கொம்பனித்தெரு, 'கிராண்ட்பாஸ்' பாலத்துறை, 'மட்வால்' முகத்துவாரம், கடலின் பெயர்கொண்ட ஆங்கிலத் தெரு நமக்குச் செட்டியார் தெரு. இவற்றை மொழிபெயர்ப்புக்கள் எனக் கருதுதல் தவறு. ஒரே நிலத்தின்மேல் இருவேறு வர்க்கங்கள் கொண்ட இருவேறு தொடர்புகளை இவை பதிவுசெய்கின்றன. மலைநாட்டிலும் இதுவே நிலை. ஸ்கொத்லாந்தின் ஊர்ப்பெயர்களைத் தாங்கிய தோட்டங்களுக்குத் தொழிலாளர் தமக்கெனத் தமிழ்ப்பெயர் வழங்கினர். பேர்குசனின் விவரக்கொத்துத் தானும் அவற்றைத் தனியே பட்டியலிட நேர்ந்தது. தோட்டத்துரைக்கு அவற்றை அறியாமல் ஆள்சேர்க்கவோ கடிதம் சேர்ப்பிக்கவோ இயலாதிருந்தமையே காரணம். ஆயின், படங்களின் கீழே அத்தமிழ்ப்பெயர்கள் ஒருபோதும் ஏறியதில்லை.

இடங்காணும் முறைக்கு வருவோம். ஆர்வலர் கையாளும் முறை பெரும்பாலும் மலைமுகட்டையும் கட்டடக் கூரையையும் இன்றைய காட்சியோடு ஒப்பிடுவதாகும். பயனுடைய முறைதான், ஆயினும் போதாது. இதனைவிடத் திட்டமான ஒரு முறையைத் தொல்காப்பியப் பொருளதிகாரம் நமக்குத் தந்துள்ளது என்பேன். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரம், விலங்கு, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தன என்பதும், உரிப்பொருள் அல்லாதன ஒரு திணையிலிருந்து மற்றொன்றுக்குப் போய் மயங்கக்கூடும் என்பதும் அந்நூலின் கொள்கை. அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தைப் புகையிரதத்துக்குப் பொருத்துவது விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், படங்களை ஆராயும்போது அது வேலைசெய்கின்றது.

முதற்பொருளில் நமக்கு மிகவும் பயன்படுவது தண்டவாளங்களின் இடையகலம். இலங்கையின் பிரதான பாதைகள் 5 அடி 6 அங்குல அகலத்தின; ஏறத்தாழ ஓர் ஆளின் உயரம். களனிப் பள்ளத்தாக்குப் பாதையும் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற பாதையும் 2 அடி 6 அங்குலக் குறும்பாதைகள். முன்னது 1990களில் அகலப்பாதையாக்கப்பட்டது. பின்னது 1940களில் மூடப்பட்டது. ஆகவே, இன்று அவிசாவளைக்குச் சென்று அகலத் தண்டவாளத்தைக் கண்டு, 'இப்படம் இங்கு எடுக்கப்பட்டதாகாது' என்பவர் ஏமாறுவார். தென்னிந்திய இரயில்வேயின் தெற்கத்திப் பாதைகளோ மீற்றர் அகலத்தின. நீலகிரிப் பாதையின் செங்குத்தான பகுதியில் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் ஓடும். இலங்கையில் அஃது எங்குமில்லை. பனைமரத்தையும் இரும்புப் பாதையையும் ஒருங்கே கண்டவுடன் யாழ்ப்பாணம் என எழுதிவிடும் வழக்கமும் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலும் பனைதான். தண்டவாளத்தின் அகலமே இரண்டையும் வேறுபடுத்தும். பொழுதும் முதற்பொருளே. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையிலான பகுதி 1902இற் திறக்கப்பட்டது. கொழும்புடன் முழுத்தொடர்பு ஏற்பட்டது 1905இல். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட திகதியோடு 'கொழும்பிலிருந்து வந்த புகையிரதம், யாழ்ப்பாணம்' என ஒரு குறிப்பு அமையுமாயின் அதனை நம்புதற்கில்லை. அவ்வாறே 'கொழும்புப் புகையிரத நிலையம்' என்ற குறிப்பு 1908இல் மருதானை நிலையமும் 1917இல் இன்றைய கோட்டை நிலையமும் எழுவதற்கு முந்தியதாயின் பழைய முடிவிட நிலையத்தையே சுட்டும்.

முதற்பொருளின் ஆற்றலுக்குத் தலைசிறந்த சான்று இரு இறங்குதுறைகளாகும். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. கேர்சன், எல்ஜின், ஹார்டிங் என்னும் கப்பல்கள் ஓடின. இரு கரையிலும் ஒரேவகை மணல், ஒரேவகை வெயில், கடலுக்குள் நீண்ட இறங்குதுறை, அதன்மேல் நிற்கும் வண்டி, மூட்டை சுமக்கும் மனிதர். கப்பல் ஒன்றே ஆதலின் அதன் பெயரைப் படித்தும் பயனில்லை. அது கருப்பொருள், மயங்குவது. கூட்டத்திலுள்ள ஆடைகளும் ஒன்றே. அங்கே மீற்றர்ப் பாதை, இங்கே அகலப்பாதை என்ற ஒன்றே படம் எக்கரையது என்பதைத் தீர்க்கும். தண்டவாளம் படச்சட்டத்துக்கு வெளியே போய்விட்டதாயின் தீர்ப்பதற்கு வழியில்லை. இதனை ஒரு நுட்பச் சிக்கலாக மாத்திரம் கொள்ளலாகாது. அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்தவன் தன் முகத்திலோ உடையிலோ எவ்வித வேறுபாடுமின்றியே வந்தான். வேறுபாட்டை உண்டாக்கியவை தண்டவாளமும், மண்டபத்திலே இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய தடுப்பு முகாமும், பின்னாளிற் சட்டமும் ஆகும்.

கருப்பொருள் பற்றிச் சிறிது கூறினாற் போதும். தேயிலைத் தொழிற்சாலையின் உட்புறப் படங்களில் இயந்திரத்தின் வார்ப்பிரும்பு எழுத்துக்களைப் படித்து இடம் சொல்ல முயல்வர். 'சிறொக்கோ' உலர்த்தி பெல்பாஸ்றில் வார்க்கப்பட்டு அசாமுக்கும் டிம்புளைக்கும் ஒருங்கே அனுப்பப்பட்டது. எழுத்து முதலாளியின் ஊரைக் காட்டும், படத்தின் ஊரைக் காட்டாது. கட்டடம் ஓரளவு உதவும். கொழுந்து வாட்டுவதற்காக மூன்று நான்கு மாடி உயர்த்திய நீண்ட கட்டடம் இலங்கைக்கும் தென்னிந்திய மலைகளுக்கும் உரியது. அசாமில் வாட்டுங் கொட்டகை தாழ்வாகத் தனியே நிற்கும். கொழும்பிலே வெயிற் களத்தில் கோப்பி காயப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து தெரியும் படங்கள் உள. 1869இல் இலைநோய் தோன்றிப் பின் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்தமையால் அவற்றின் காலத்தை ஒருவாறு வரையறுக்கலாம். பொருள் மறைந்த பின்னும் உழைப்பின் தோற்றம் மாறவில்லை. காரீயம் தெரியும் களங்களில் அதே வரிசையிற் பெண்கள் அமர்ந்தனர். ஆதலின் ஒன்றை மற்றதாகக் கொள்வது எளிது.

இவ்விடத்தில் ஒரு முரணை நோக்குதல் தகும். இலங்கைப் புகையிரதப் படங்களுள் இடம்பற்றி ஐயமே எழாத படங்களும் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்திலே, பாறையின் விளிம்பில், கீழே பள்ளத்தாக்கு விரிய நிற்கும் புகைவண்டியின் படம் அவற்றுள் முதன்மையானது. 'சென்சேஷன் றொக்' என அவ்விடத்துக்கு ஒரு விளம்பரப் பெயரே வழங்கலாயிற்று. 1867இற் கண்டிப் பாதை நிறைவுற்றபின் ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் அக்காட்சியை எடுத்து விற்றன. இடம் ஏன் இத்துணைத் தெளிவாகக் குறிக்கப்பட்டது? அது பண்டமாயிருந்தமையால். பயணி தான் கடந்த இடத்தை வாங்கிச் செல்ல விரும்பினான். பெயரில்லாத காட்சிக்கு விலையில்லை. இன்னொன்று: அக்கால ஈரத்தகட்டு முறையில் ஒளிபடுதற்குச் சில விநாடிகள் வேண்டும், ஓடும் வண்டி கலங்கிய கோடாகவே விழும். 1870களின் படத்தில் வண்டி துலக்கமாகத் தெரிகின்றதாயின், அது படத்துக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது பெறப்படும். புகைப்படக் கலைஞன் கேட்க அரசாங்கப் புகையிரதம் நின்றது. இப்படங்களைப் 'பயண நினைவு' என வகைப்படுத்தும் நூல்கள் இவ்வதிகாரத்தைப் பற்றி வாய்திறப்பதில்லை.

புதுக்கடையில் வாழும் ஓய்வுபெற்ற புகையிரதத் தொழிலாளர் ஒருவரிடம், 'மலைநாட்டுப் பாதை' என்று மாத்திரம் குறிப்புள்ள ஒரு படத்தைக் காட்டினேன். மலையை அவர் பார்க்கவே இல்லை. வண்டியின் பின்முனையில் எழும் புகையைச் சுட்டி, “தம்பி, பின்னாலயும் எஞ்சின் நிக்குது பாருங்கோ, றம்புக்கணையில போட்டுத் தள்ளிக்கொண்டு போற எஞ்சின். கடுகண்ணாவைக்கு ஏறுற கோச்சிதான்” என்றார். பின்னிருந்து தள்ளும் எஞ்சின் றம்புக்கணையில் இணைக்கப்படும் என்பதை நூல்களிலும் படிக்கலாம். ஆனால், நூலைப் படித்தவர் மலையைப் பார்க்கிறார், வேலைசெய்தவர் வேலையைப் பார்க்கிறார். (புகையிரதம் என்பது அரச கருமமொழிச் சொல். கொழும்பிலும் மலைநாட்டிலும் மக்கள் ஏறுவது கோச்சியில். நமது ஆய்வேடுகளில் இச்சொல்லைக் காண்பது அரிது.)

உரிப்பொருள் என நான் கருதுவது இதனையே. படத்திலுள்ளோர் ஒருவரோடொருவர் எவ்வாறு தொழிற்படுகின்றனர், யார் நிற்கின்றனர், யார் குனிந்துள்ளனர், கணக்கேடு யார் கையில், பார்வை யாரை நோக்கியது என்பன. பிரட்டுக்களத்தில் துரைக்கும் தொழிலாளர்க்கும் நடுவே மேற்சட்டை அணிந்து நிற்கும் கங்காணி, கங்காணி முறை நிலவிய இலங்கை, தென்னிந்திய, மலாயாத் தோட்டங்களை நோக்கி நம்மைச் செலுத்துவான். அசாமின் ஒப்பந்தக் கூலிமுறையின் காட்சி வேறு. கொழும்புத் துறைமுக அலைதடுப்பின் படங்களை எடுத்துக்கொள்வோம். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய தென்மேற்கு அலைதடுப்பு 1885இல் நிறைவுற்றது. கடலும் பாரந்தூக்கியும் தெரியும் படங்களுக்குக் 'கொழும்புத் துறைமுகம்' என்ற குறிப்புத் தவறாது உண்டு. அதே வேலைக்குக் கல் உடைத்த மகரைக் கற்குழியிலே உழைத்தோர் சிறைக்கைதிகள். இடம் தெரியாத ஒரு கற்குழிப் படம் கிடைக்குமாயின், அங்கு பணிபுரிவோரின் ஒரேவகை உடையையும் காவலர் நிற்கும் முறையையும் நோக்கியே மகரையை ஊகிக்கத் தொடங்கலாம். பாறையைப் பார்த்து ஒன்றும் சொல்ல இயலாது.

உடைமையாளருக்குப் பெயரும் உழைப்பாளருக்கு வகையும் வழங்கும் முறைக்கு 1907ஆம் ஆண்டில் ஆர்னல்ட் றைற்றைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த இலங்கை பற்றிய பெருந்தொகுதி நல்ல எடுத்துக்காட்டு. தோட்டம், நிறுவனம், பங்களா, பங்குதாரர் யாவும் அதிற் பெயருடன் உள. தொழிலாளர் 'கூலிகள்', 'தமிழ்ப் பெண்கள்', 'கொழுந்தெடுப்போர்' எனப்படுவர். எங்கே என்ற வினாவுக்குரிய விடை முதலாளியின் விலாசமாகவே முடிகின்றது. இதனினும் கூர்மையான எடுத்துக்காட்டு ஹென்றி கேவ். இலங்கையைப் பற்றிப் படங்கள் நிறைந்த நூல்கள் பல எழுதியவர் அவர். இலங்கை அரசாங்கப் புகையிரதத்துக்கு 1910இல் அவர் எழுதிய வழிகாட்டி இன்றும் இடங்காண்போரின் கைந்நூல். நிலையம் நிலையமாகக் காட்சிகளை நிரல்படுத்தும் அந்நூலின் பயனை மறுப்பதற்கில்லை. இக்கட்டுரைக்கும் அம்முறை உதவியதே. ஆயின், இந்நாட்டின் முதலாவது வேலைநிறுத்தமாகத் தொழிலாளர் வரலாற்றாசிரியர் குறிப்பிடுவது, ஊதியம் தாமதமாக வழங்கப்பட்டமையை எதிர்த்து 1893 செப்ரெம்பரில் அச்சுத் தொழிலாளர் நடத்தியதாகும். அது நிகழ்ந்தது கேவின் பெயர் பொறித்த கொழும்பு நிறுவனத்திலேயே. அதனைத் தொடர்ந்து அச்சுத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளியிட்ட தொழிலாளர் இயக்க வரலாறு இதனை விரிவாகக் கூறும். படங்களுக்குப் பெயரிட்ட நிறுவனத்தின் எழுத்துக்கோப்போர் நம்மிடையே முகமற்றோராயுள்ளனர். அவர்கள் நின்று வேலைசெய்த அறையின் படமொன்றைத் தேடி இனங்காண எவரும் முனைந்ததாக நான் அறியேன். 1912ஆம் ஆண்டின் புகையிரதத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1923ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தம், 1929இல் மருதானையில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்த திராம் தொழிலாளர் போராட்டம், 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் நடந்த வேலைநிறுத்தம் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பாதையின் படங்களில் அலையும் தென்னையும் இனங்காணப்பட்டுள்ளன. அருகே நின்ற ஆலையையும், அதன் பெரும்பாலும் இந்தியத் தொழிலாளரையும் எவரும் பொருட்படுத்தவில்லை.

ஜூலியா மார்கிறற் கமரன் களுத்துறையில் 1875க்கும் 1879க்கும் இடையில் எடுத்த படங்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. அவை கைத்தொழிற் படங்கள் அல்ல. ஆயினும் நமது பொருளுக்கு நெருங்கியவை. உலகப் புகழ்பெற்ற அக்கலைஞர் ஆங்கிலக் கவிஞர்களையும் அறிஞர்களையும் பெயர்கூறிப் படமெடுத்தவர். இலங்கையில் அவர் முன் அமர்ந்தோர் 'களுத்துறைக் குடியானவர்' ஆயினர். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன், இலங்கைக்கு வந்து கோல்புறூக்கின் ஆணைக்குழுவில் அறிக்கை எழுதி, 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயத்துக்கு வழிவகுத்தவர். மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களையும் உடையவர். புதுக்கடை நீதிமன்றங்களின் அமைப்பு முறை பெரிதும் அவர் சிந்தனையின் விளைவு. சட்டத்தின் முன் யாவரும் சமம் என எழுதிய வீட்டிலேதான் தொழிலாளருக்குப் பெயரற்ற படம் எடுக்கப்பட்டது. இதனைத் தனிமனிதக் குறையாகக் காண்பது மேலோட்டமான நோக்கு. தாராளவாதம் தனிமனிதனை எங்கே காண்கிறது, எங்கே வகையை மாத்திரம் காண்கிறது என்பதற்கு அவ்வீடு ஓர் உரைகல்.

நமது அணியைச் சார்ந்தோர் பற்றியும் கூறாதுவிடுதல் நேர்மையாகாது. முற்போக்கு வெளியீடுகள் பலவற்றின் அட்டையிலே கூடை சுமந்த ஒரு பெண்ணோ பாதையமைக்கும் ஒரு கூட்டமோ இடம்பெறும். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, இலங்கையா திருவிதாங்கூரா என்பதை ஆராய்வோர் அரிது. சமநிலத்தில் நிழல்மரங்களின் கீழ் விரிந்த அசாம் தேயிலையை மலையகம் எனக் காட்டிய அட்டையையும் கண்டுள்ளேன். 'சுரண்டல் எங்கும் ஒன்றுதானே' என்பது இதற்குக் கூறப்படும் சமாதானம். பிறெக்ற் இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தார். ஓர் ஆயுதத் தொழிற்சாலையின் படம் அத்தொழிற்சாலையைப் பற்றி ஏறத்தாழ எதையும் நமக்குக் கூறுவதில்லை. மனித உறவுகள் பொருளாக உறைந்து மறைந்துவிடுகின்றன என்பது 1930களின் தொடக்கத்தில் அவர் கொண்ட கருத்து. வோல்ற்றர் பெஞ்சமின் 1931இல் எழுதிய புகைப்பட வரலாற்றுக் கட்டுரையில் அதனை எடுத்தாண்டு, குறிப்பில்லாப் படம் தடுமாறும் என வாதித்தார். சுலோகம் படக்குறிப்பாகாது. குடியேற்ற ஆட்சியாளன் 'தமிழ்க் கூலி' என்று எழுதினான்; நாம் 'சுரண்டப்படும் பாட்டாளி' என்று எழுதுகிறோம். இரண்டிலும் ஆளும் இல்லை, ஊரும் இல்லை. பருமையான நிலைமையைப் பருமையாக ஆராய்தல் என்பதே மார்க்சிய முறையெனின், தண்டவாளத்தின் அகலத்தை அளப்பதும் அதன் ஒரு பகுதியே.

இடத்தை அறிவதால் யாது பயன் என்போர்க்கு 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தை நினைவூட்டலாம். அச்சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தாலும் மலையகத் தொழிலாளரிடம் கேட்கப்பட்டது இடத்துக்குரிய சான்றேயாகும். தந்தை பிறந்தது எங்கே? 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன், மணமானவராயின் ஏழு ஆண்டுகளும் பிறராயின் பத்து ஆண்டுகளும் இடையறாது எங்கே வதிந்தாய்? பாதை அமைத்தோரும் அவர்தம் மக்களும் இதற்குக் கடதாசி காட்டவேண்டியிருந்தது. கடதாசி வைத்திருந்தது தோட்டம். பெயர்ப்பதிவு செய்தது தோட்டம். படத்தின் கீழே பெயர் எழுதாமல் விட்டதும் அதே ஒழுங்கே. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடகன் பிள்ளையின் வழக்குப் புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றத்தில் 1951இற் தோற்றது. இலண்டன் கோமறை மன்றமும் 1953இல் அத்தீர்ப்பையே உறுதிசெய்தது. 1964 ஒக்ரோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒத்திவைத்தது. இரண்டு மாதங் கழியுமுன் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. மக்கள் இராமேஸ்வரம் வழியாக அனுப்பப்பட்டனர். இந்நாட்டில் எஞ்சியோரின் பிரசாவுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். இதனை மனங்கொண்டு நோக்குமிடத்து, 'தமிழ்க் கூலிகள், இலங்கை' என்ற குறிப்பை நீக்கி, இன்ன பாதையின் இன்ன மைற்கல்லருகே இன்ன ஆண்டில் எடுக்கப்பட்ட படம் என நிறுவுவது, நூறாண்டுக்கு முன்னரே இம்மக்கள் இங்கிருந்தனர் என்பதற்கு ஓர் ஆவணத்தைச் சேர்ப்பதாகும்.

வடபகுதியைப் பொறுத்தவரை நிலைமை வேறுவகையிற் கடினமானது. 1990இல் யாழ்ப்பாணப் பாதை துண்டிக்கப்பட்டபின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின, நிலையங்கள் இடிந்தன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நின்றது. 2014இல் வண்டி மறுபடி யாழ்ப்பாணத்தை அடைந்தது. அது வந்து நின்றது புதிய மேடைகளில். இன்றைய காட்சியோடு ஒப்பிட்டு இடங்காணும் முறை இங்கே முற்றாகத் தோற்கின்றது. ஒப்பிடுவதற்குப் பழைய கட்டடம் இல்லை. நிலைய அதிபராகவும் சமிக்ஞையாளராகவும் சீமெந்துத் தொழிலாளராகவும் இருந்தோரின் நினைவே எஞ்சியுள்ள சான்று. அவர்களிற் பலர் கொழும்பிலே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், வேறு பலர் கடல்கடந்தும் வாழ்கின்றனர்.

தமிழ்ச் சங்கங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. படத்தின் பிரதிகளை எடுத்துச் சென்று வேலைசெய்தோரிடம் காட்டி, அவர்கள் சொல்லும் இடப்பெயரை, அவர்கள் சொல்லும் உருவிலேயே, சொன்னவரின் தொழிலோடு சேர்த்துப் படக்குறிப்பின் ஐந்தாவது படையாக எழுதி வைக்கலாம். காப்பகத்தின் ஆங்கிலத் தலைப்பை அழிக்கவேண்டியதில்லை. பாடபேதத்தை யாரும் அழிப்பதில்லை. தேடுதல் இலங்கைக்குள் முடியவும் முடியாது. ஒப்பந்தத்தின் கீழ்ச் சென்றவர்களை ஏற்றிய வண்டியை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். நிலைய மேடையில் நின்றோரும் வண்டியில் இருந்தோரும் ஒருங்கே அழுததால் வந்த பெயர். அவ்வண்டியிற் போனோருட் பலர் நீலகிரியில், தமிழ்நாட்டரசின் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். இராகலைக் குறும்பாதை நானுஓயாவில் அகலப்பாதையைச் சந்தித்த இடத்தைச் சிறுவராகக் கண்டவர் ஒருவர் இன்றும் கோத்தகிரிப் பக்கத்தில் இருப்பாராயின், தொண்ணூறு வயதைத் தொட்டிருப்பார். கொழும்பிலே தீர்க்கமுடியாத படத்தை முதலில் அவரிடமே கொண்டுசெல்லுதல் வேண்டும்.